கீழுதட்டின் இடப்பக்கம்

வேங்கிக்கால்,
12.6.2025

அன்புள்ள அபிக்கு,

அக்கா எழுதுவது. போனை எடுப்பதில்லை என்று வருத்தப்படாதே. பேசவே பிடிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கழுத்தில் நீ போட்ட தையல் நன்றாக ஆறிவிட்டது. முப்பது கிலோ இளைத்ததும் தொங்கிப் போன சதை, இருந்த இடம் தெரியவில்லை. ஆனால் சிரித்தால் கீழுதடு வலப்பக்கம் மட்டும் இறங்குகிறது, இடப்பக்கம் அப்படியே நிற்கிறது. கலெக்டர் ஆபீசில் என் சீட்டுக்கு மனு கொடுக்க வந்த ஒருவர், "ஏம்மா, என்னப் பாத்தா நக்கலா இருக்குதா?" என்று கேட்டுவிட்டார். இப்போது உன் மாமா எதிரில்கூட நான் சிரிப்பதில்லை.

வீக்கம் வடிந்தால் சரியாகும் என்றாய். மூன்று மாதம் ஆகிறது. வேறு ஏதாவது இருந்தால் சொல்லிவிடு. அலுப்பாக இருக்கிறது.

உன் அக்கா,
தனம்


சென்னை,
21.6.2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நான்கு நாளாகக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அது வீக்கம் இல்லை, அக்கா.

ஆபரேஷனுக்கு முன் உன் தாடையோரம் பேனாவால் கோடு போட்டேனே, அதுதான் கீழுதட்டை இறக்கும் நரம்பு போகும் வழி. கழுத்துத் தசைக்கு அடியில் ஓடுகிறது. தசைக்கு மேலேயே வேலையை முடித்துக்கொண்டால் பெரும்பாலும் பயமில்லை. மற்றவர்களுக்கு அப்படித்தான் செய்வேன். உனக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கினால் தாடை எடுப்பாக வரும் என்று ஆசைப்பட்டு அடியில் போனேன். சிஸ்டர் காமேஸ்வரி, "போதும் மேடம், நல்லாத்தான் வந்திருக்குது" என்றார். நான் கேட்கவில்லை.

நீ கண்விழித்துச் சிரித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொன்னேன்.

நரம்பு அறுந்திருக்காது, இழுபட்டிருக்கும் என்று நம்புகிறேன். அப்படியானால் சில மாதங்களில் திரும்பும். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு யார் முகத்திலும் கத்தி வைக்கக் கை வரவில்லை. திட்டியாவது எழுது.

அபிநயா


சென்னை,
30.7.2025

அக்கா,

பதில் இல்லை. மாமாவிடம் போனில் கேட்டேன். "அவளுக்கு எழுத மனசு வரல. கொஞ்ச நாள் விடும்மா" என்றார். விடுகிறேன். உதடு அசைகிறதா என்று மட்டும் ஒரு வரி போடு.

அபி


வேங்கிக்கால்,
14.9.2025

அபி,

உன் கடிதம் கண்ட வாரமே வேலூரில் வேறொரு டாக்டரிடம் போனேன். நீ எழுதியதையேதான் அவரும் சொன்னார். யார் செய்தது என்று கேட்டார். "என் தங்கச்சிதாங்க" என்றேன்.

இப்போது பாதி அசைகிறது. மீதி வந்தாலும் வரும்.

எனக்குக் கோபம் உதட்டுக்காக இல்லை. மூன்று மாதம் கண்ணாடி முன்னால் நின்று இல்லாத வீக்கத்தைத் தடவிப் பார்த்தேனே, அதற்காக. உன்னைத் திட்டி இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றாவதற்குத் தெம்பில்லை.

உன் வேலையை விட்டுவிடாதே. ஆனால் சொந்தக்காரர்களுக்குச் செய்யாதே.

கார்த்திகை தீபத்துக்கு வந்தால் இங்கே கூட்டம் ஜாஸ்தி. ஐப்பசியிலேயே வா. வந்ததும் என்னை வெளிச்சத்தில் நிறுத்தி முகத்தைப் பார்க்காதே. மன்னிப்பும் கேட்காதே. சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் படுத்துத் தூங்கு. நீயும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டாய்.

தனம்