அழாத பிள்ளை

ஜூன் 9, திங்கள்

விடாத மழை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மலையாள டிவி சேனலிலிருந்து ஷெமி என்றொரு பெண் கூப்பிட்டாள். அமைச்சர் ராஜபாய் அம்மாவின் நியமனங்களைப் பற்றி மாலையில் விவாதமாம். கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுத்த பத்மஜா டீச்சர் வந்து, அதன் பின்னால் இருக்கும் மனசைப் பற்றிப் பேச வேண்டுமாம். ரிட்டையரான பிறகு என் மனசைப் பற்றியே யாரும் கேட்டதில்லை. உடனே சரி என்றேன்.

விஷயம் இதுதான். ராஜபாய் வாரியங்களுக்கு ஆள் போடுகிறார். போடுவதெல்லாம் தன்னைத் திட்டினவர்களை! தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற வேலாயுதன் பிள்ளை, மலையோரப் பால் வாரியத்துக்குத் தலைவர். விழிஞ்ஞத்தில் அவர் கொடும்பாவியைக் கொளுத்திய ஷாஜி, கடலோர வாரியத்தில் உறுப்பினர். சொந்தக் கட்சிக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். ஏன் இப்படி என்று ஊருக்கே புரியவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. வெண்டைக்காய் நறுக்கி முடிப்பதற்குள்.

ஜூன் 10

நேற்று நன்றாகத்தான் பேசினேன். சின்ன வயசில் பாசம் கிடைக்காத குழந்தை, பெரியவளான பிறகு யார் கோபத்தையும் தாங்காது. கோபித்துக்கொள்பவர் கையில் எதையாவது கொடுத்துச் சமாதானம் பண்ணும். இப்படியே மலையாளத்தில் அழகாகக் கொண்டுபோனேன். முடிக்கிற இடத்தில் நாக்கு தமிழுக்குத் தாவிவிட்டது. "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்!"

ஷெமி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏனென்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மலையாளக் காதுக்குப் பிள்ளை என்றால் குழந்தையல்ல, ஓர் ஆளின் பெயர். வேலாயுதன் பிள்ளை. பால் வாரியம். ஈசுவரா!

ஜூன் 11

பிள்ளையே ஃபோன் செய்தார். "டீச்சரே, ஞான் எப்பழா கரஞ்ஞது?" தான் எப்போது அழுதோம் என்று கேட்கிறார் மனுஷர். பாவம், சர்க்கரை வியாதி வேறு. பாலைத் தொடுவதே இல்லையாம். நான் பழமொழியை விளக்க, அவர் பிரஷரை விளக்க, கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆபீசில் ப்யூன்கூட 'அழுத பிள்ளை' என்கிறானாம்.

ஜூன் 14, சனி

வாட்ஸ்அப் முழுக்க என் முகம், கையில் பால் புட்டி.

இவர் ஃபோனை வாங்கிப் பார்த்தார். நிதித்துறையில் ஜாயின்ட் செக்ரட்டரியாக இருந்து ரிட்டையரானவர் என் அகத்துக்காரர் வெங்கடசுப்ரமணியன். வாயால் பேசுவதையும் ஃபைலில் குறிப்பு எழுதுகிற மாதிரி சுருக்கமாகத்தான் பேசுவார். "நீயும் டிவியில அழுதாச்சோல்லியோ? உனக்கும் பால் வரும்" என்றார்.

"சீ, போங்கோ" என்றேன்.

ஆனால்... மகளிர் வாரியம் காலியாகத்தானே இருக்கிறது?

ஜூன் 17

வந்தால் மறுத்துவிட வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன்: "மன்னிக்கணும் மேடம், என் நாக்கு என்னோடதா இருக்கட்டும்." நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாம்.

ஜூன் 18

ஃபோன் வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஜூன் 20

ஆரியசாலையில் பருப்பு வாங்கப் போனால் கடைக்காரர், "எந்த வாரியம் மாமி?" என்கிறார். ஊரே எதிர்பார்க்கிறது, எனக்கென்ன. திரும்பும் வழியில் ஒரு கைத்தறிப் புடவை எடுத்தேன். மறுப்பதற்குக்கூட ஒரு நல்ல புடவை வேண்டாமா?

ஜூன் 24, செவ்வாய்

வந்தது!

"டீச்சரா? ராஜபாய் பேசுகேன்." பாறசாலைப் பக்கத்துத் தமிழ். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"டிவியில கேட்டேன். எனக்கு ஏழு அண்ணன்மாரு டீச்சரே. பாசம் கூடிப்போச்சுன்னு சொல்லுங்க, கொறஞ்சுபோச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க." ஒரே சிரிப்பு. "திட்டுகவனை வெளிய விட்டா ரோட்டுல நின்னு திட்டுவான். உள்ள இருத்தினா ஃபைலைப் பாத்துத் திட்டுவான். எனக்கு அதாக்கும் வேணும். ஆனா நீங்க சொன்னது ஒண்ணு மனசுல தச்சுது. அழாத பிள்ளையள நான் திரும்பிப் பாத்ததே இல்ல."

மறுப்பு என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"அதான்... சார் உண்டுமா?"

"எந்த சார்?" என்றேன். என் வீட்டில் இருப்பதே ஒரு சார்தான்.

ஜூன் 25

கடலோர வாரியத்தில் நிதி உறுப்பினர். சர்வீஸில் எதையும் கேட்டு நிற்காத அந்த 'அழாத பிள்ளை'. இவர்! கடற்கரைக்குப் போனால் செருப்பைக்கூடக் கழற்றாத மனுஷர்! "யோசிச்சுச் சொல்றேன்"னாவது சொல்லியிருக்கப்படாதோ? "சரி மேடம்"னு ஒரே வார்த்தை. அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? புடவை எடுத்தவ நான், உத்தியோகம் இவருக்கா?

ராத்திரி கோபத்தில் மோரே ஊற்றவில்லை. இவர் ரசம் சாதத்தோடு எழுந்துவிட்டார். என்னவென்று கேட்கவும் இல்லை.

பொறாமைதான். உளவியல் படித்தவளுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆயிற்று. வெட்கக்கேடு.

ஜூன் 27

ஷெமி கூப்பிட்டாள். "இன்னைக்கு டீச்சர் வரில்லே?" விமர்சகரின் கணவருக்குப் பதவி, இதுதான் விவாதமாம். காய்ச்சல் என்று பொய் சொல்லி ஃபோனை அணைத்தேன்.

உள்ளே இவர் பழைய சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டு மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் பாடி நான் கேட்டதில்லை. இவரை இதுவரை யாரும் தேடிவந்து கூப்பிட்டதும் இல்லை.

பேசினால் இவர் சந்தோஷம் போச்சு. பேசாவிட்டால் என் வாயைப் பாலால் அடைத்துவிட்டார்கள் என்று ஊர் சொல்லும். சொன்னால் தப்பா? அடைபட்டுத்தானே இருக்கிறது? அடைக்க நினைத்தே செய்தாளோ அந்த அம்மா? அல்லது நிஜமாகவே...? எனக்குத் தெரியவில்லை. ஊரார் மனசையெல்லாம் இனி வெண்டைக்காயோடு நறுக்கக் கூடாது.

ஜூன் 28

காலையில் காபியை வைத்துக்கொண்டே இவர் கேட்டார்: "நேத்தி ஏன் போகலை?"

"உங்களைப் பத்தி என்னன்னு சொல்றது?"

"உள்ளதைச் சொல்லு."

"பரவாயில்லையா?"

"எனக்குக் கடலைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்கறதை விட்டுடாதே. அதாக்கும் முக்கியமான பாயின்ட்." ஒரு வாய் குடித்துவிட்டு, "புதுப் புடவையைக் கட்டிண்டு போ" என்றார்.

ஏன்னா, உங்களை என்ன பண்ணினால் தகும்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

ஜூன் 30, திங்கள்

சொல்லிவிட்டேன். இது தப்பான நியமனம், அவர் நேர்மையானவர், கணக்கு தெரிந்தவர், கடல் தெரியாதவர், ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளாவிட்டால் மாற்ற வேண்டும் என்று. பழமொழி எதுவும் சொல்லவில்லை. ஷெமிக்குத்தான் ஏமாற்றம்.

வீட்டுக்கு வந்தால் இவர் டிவியை அணைத்துவிட்டு, "ஆறு மாசம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

ஜூலை 3

இவர் காலையில் விழிஞ்ஞம் போனார். வள்ளத்தில் ஏறி மீன்பிடிப்பதை நேரில் பார்க்க வேண்டுமாம். கூட்டிப்போகிறவன் கொடும்பாவி ஷாஜி! வாந்தி மாத்திரையும் துண்டும் பையில் வைத்தேன். வாசலில் நின்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

மத்தியானம் ஷாஜியின் ஃபோன்: "மாமி, பேடிக்கண்டா, பயப்படாதீங்க. சாரு கரையேறியாச்சு. நாலு வட்டம் வாந்தி. ஆனாலும் திரும்பலாம்னு ஒரு வார்த்தை சொல்லல கேட்டீயளா!"

மூன்று மணிக்கு வந்தார். வேஷ்டி முழுக்க உப்பு, முகம் பச்சையாக. நாற்காலியில் சாய்ந்து, "கொஞ்சம் பால் சூடாத் தரியா?" என்றார்.

சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்தேன்.