ஊசி போட்ட பிறகு

மார்ச் 4

என் வீட்டுக்காரிக்கு,

நலம். குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா?

ஒரு சங்கதி. கிரேனில் ஏறினாலே களைப்பாக வருகிறது என்று இங்கே வேலையிடத்து டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஆம்பளை ஹார்மோன் குறைந்திருக்கிறதாம். "கைக்குழந்தைய தூக்கி வளர்க்கிற அப்பாக்களுக்கு இப்படி ஆகிறதுண்டு. வேணும்னா ஊசி போட்டுக்கலாம்" என்றார்.

குட்டி பிறந்த பிறகு வேலையில்லாமல் வீட்டில் இருந்த அந்த ஆறு மாதமும் நான் உனக்குக் குறையாகத் தெரிந்தேனா? போனில் கேட்க நா எழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உன்
கிரேன்காரன்


மார்ச் 15

அன்புள்ள குட்டி அப்பாவுக்கு,

இரண்டு பல். கண்டதையும் கடித்து வைக்கிறாள்.

குறை ஒன்றும் தெரியவில்லை. பிரசவத்துக்குப் பிறகு என் உடம்பே எனக்குப் பிடிபடாமல் கிடந்தது. யார் தொட்டாலும் மரத்துப்போன மாதிரி இருக்கும். நீங்கள் எதுவும் கேட்காமல் குட்டியை மார்பில் போட்டுக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கிப்போவீர்கள். வாயைத் திறந்துகொண்டு, பார்க்கச் சகிக்காது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் நிம்மதியாக இருந்தது அப்போதுதான்.

எனக்காக என்றால் ஊசி வேண்டாம்.

உங்கள்
வீட்டுக்காரி


ஏப்ரல் 20

வீட்டுக்காரிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் முதல் ஊசி போட்டாயிற்று. நல்ல தெம்பு. இரட்டை ஷிப்ட் பார்க்கிறேன். ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டித்துவிட்டேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

முன்பெல்லாம் போனில் குட்டியின் குரல் கேட்டால் தொண்டை அடைக்கும். இப்போது அடைப்பதில்லை. நல்லதுதான், வேலை கெடாது.

ஜூனில் பத்து நாள் வருகிறேன்.

கிரேன்காரன்


ஜூலை 2

குட்டி அப்பாவுக்கு,

சௌகரியமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குத் திரும்பிவிட்டேன். நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா குட்டியைப் பார்த்துக்கொள்கிறார்.

நீங்கள் வந்திருந்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆசையாக இருந்தீர்கள், நானும் மறுக்கவில்லை. ஒருநாள் விடியற்காலையில் குட்டி அழுதாள். "உன் பொண்ணு அழறா பாரு" என்று புரண்டு படுத்தீர்கள். முன்பு எனக்கு முந்தி எழுந்துவிடுவீர்கள். கோபப்படப் பார்த்தேன், கோபம் வரவில்லை. அழலாம் என்று உட்கார்ந்தேன். அதுவும் வரவில்லை. எழுந்து பால் கலக்கினேன்.

ஒப்பந்தத்தை நீங்கள் விரும்புகிறவரை நீட்டித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்க வேண்டியதில்லை. வருவதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே எழுதுங்கள். வருகிறவர் யார் என்று குட்டிக்குச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

குட்டி அம்மா