இடது பக்கக் கண்ணாடி

மேல்கணக்கு,
புளத்கொகுபிட்டிய.
12.10.2008, ஞாயிறு

என் அன்புள்ள மச்சானுக்கு,

கோகிலா எழுதிக்கொள்வது. நானும் அத்தையும் சுகம். நீங்களும் அந்தப் பாலைவனத்து வெயிலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை நிற்க வேண்டும்.

போனில் பேசுகிறவள் எதற்கு இத்தனை பக்கம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். ஒரே வரிசையாய் ஒட்டிக் கட்டிய நம் லயத்துச் சுவர் உங்களுக்குத் தெரியாததா? இந்தக் காம்பராவில் தும்மினால் மூன்றாம் காம்பராவில் 'நூறு' என்பார்கள். இது அவர்கள் காதில் விழுகிற சங்கதி இல்லை. அங்கே உங்களோடு வேலை செய்கிற பாறூக் நானா லீவு முடிந்து வியாழக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறார். அவர் கையிலேயே கொடுத்துவிடப் போகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள். வண்டி ஓட்டப் போகிற நேரத்தில் மட்டும் படிக்க வேண்டாம்.

முதலில் ஊர்ச் செய்தி. மழை விட்டபாடில்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போகிற ரோட்டில் பாதி சரிந்து பள்ளத்தில் கிடக்கிறது. கொழுந்து நிறுக்க நாங்கள்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கீழே சந்திவரை இறங்குகிறோம். புது டிரைவர் லொறியை மேலே ஏற்ற மாட்டேன் என்று ஒரே பிடியாக நிற்கிறான். "தவராசாண்ணன் கண்ண மூடிக்கிட்டு ஏத்துன ரோடு, இவருக்கு மட்டும் கசக்குதாக்கும்" என்று பெண்கள் அவனைப் போட்டு வாட்டுகிறார்கள். இன்றைக்கும் உங்கள் பெயர் அந்த லொறியோடு சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது.

அத்தையின் முழங்கால் வலி அப்படியேதான். நீங்கள் அனுப்பிய தைலத்தை நான் கேகாலையில் வாங்கியதாகச் சொல்லித்தான் தேய்த்துவிடுகிறேன். உங்கள் பெயரைச் சொன்னால் காலை இழுத்துக்கொள்வார்கள். நீங்கள் அவர்களுக்கு அனுப்பிய ரேடியோ இன்னும் பெட்டி பிரிக்காமல் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. போன் மணி அடித்தால் வாசலுக்கு எழுந்து போய்விடுவார்கள். நான் பேசி வைத்த பிறகு வந்து, "அந்த டிரைவர் என்ன சொன்னான்?" என்று மட்டும் கேட்பார்கள். உங்கள் தங்கை யோகா உங்கள் லொறிக்கு அடியில் போய் ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. இந்த ஐந்து வருஷத்தில் பெற்ற தாய் உங்களை ஒரு தடவை மகன் என்று சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு அது ஒவ்வொரு தடவையும் சுடும். ஏன் என்று இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

போன மாதம் நீங்கள் போட்டோ வைத்து எழுதிய கடிதத்தை நூறு தடவை படித்திருப்பேன். அந்த அரபிக்காரர் வீட்டு வண்டியை மணியம் கடையில்கூடக் காட்டினேன். உள்ளே அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் வைத்து, நம் காம்பராவை விடப் பெரிசாக, அதற்குச் சக்கரம் வேறு! குளிர் காலம் பிறந்தால் குடும்பத்தையே அதில் ஏற்றிக்கொண்டு மணலில் கூடாரம் போடப் போவீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நாம் ஒரு லயத்தில் பிறந்து அதே லயத்தில் சாகிறோம், அவர்கள் வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்று சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு அடுத்த பக்கத்தில் நின்றுபோனது. வண்டியின் இரண்டு பக்கமும் கமரா இருக்கிறது, ஸ்டியரிங் பக்கத்தில் சின்ன டீவி மாதிரி இரண்டு வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்தே ஓட்டுகிறேன், கண்ணாடி பார்ப்பதில்லை என்று எழுதினீர்கள். கீழே ஒரு வரி. "கமராவில் ஒரு நல்லது, போகிறவர் வருகிறவர் அதைத் திருப்பிவிட முடியாது." அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். யோகா போன அன்றைக்கு லொறிக் கண்ணாடி திரும்பியிருந்ததைப் பற்றி இத்தனை வருஷத்தில் நீங்கள் யாரிடமும் வாய் திறந்ததில்லையே, மச்சான்.

போன வெள்ளிக்கிழமை பாறூக் நானா மாவனல்லையிலிருந்து பஸ் ஏறி வந்தார். நீங்கள் கொடுத்த சாமான்களை வைத்துவிட்டு, தேத்தண்ணியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அத்தை விறகு பொறுக்கப் போன பிறகுதான் சொன்னார். நீங்கள் அந்த வண்டியின் கண்ணாடி இரண்டையும் மடக்கி, பழைய சாரத்தைக் கிழித்துச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறீர்களாம். "தங்கச்சி, அவன் மாதிரி ஒரு டிரைவர் இல்ல. ஆனா கண்ணாடியக் கண்டாப் பயப்புடுறான். நான் செல்லியும் கேக்கிறானில்ல" என்றார்.

கமராவையும் கண்ணாடியையும் பற்றி எனக்கு என்ன தெரியும், அவர்தான் விளக்கினார். கண்ணாடியில் விழாத மூலையெல்லாம் கமராவில் விழுமாம், நீள வண்டிக்கு அது பெரிய உதவியாம். ஆனால் மணல் அப்பினாலும் விடியற்காலைப் பனி படிந்தாலும் அது குருடாகிவிடுமாம். டீவியில் தெரிகிற ஆள் பத்தடியில் நிற்கிறானா இரண்டடியில் நிற்கிறானா என்று சொல்ல முடியாதாம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறவன்தான் டிரைவர் என்றார். போன குளிர் காலத்தில் நீங்கள் பின்னால் எடுத்தபோது கமராவில் மணல் ஒட்டி, சமையல் மேசை நொறுங்கி, கூடாரத்துக் கயிறு அறுந்த கதையையும் சொன்னார். அந்தக் கூடாரத்துக்குள் அவர்கள் வீட்டுக் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததாமே. எனக்கு ஏன் சொல்லவில்லை? இந்தத் தடவை கண்ணாடித் துணியை அவிழ்க்காவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். நீங்கள் அதற்கும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டீர்களாம்.

அவர் புறப்படும்போது சொன்னதுதான் என்னைக் கொன்றது. ஒரு தடவை காய்ச்சலில் கிடந்தபோது நீங்கள் அவரிடம் சொன்னீர்களாம், அன்றைக்குக் கண்ணாடியைத் திருப்பியது யோகாதான் என்று. செத்தவள் மேல் பழி போட மனசு வரவில்லை, அதனால்தான் பார்க்காமல் எடுத்தேன் என்று பொலிசில் சொன்னேன் என்று.

மச்சான், யோகா திருப்பவில்லை. நான் திருப்பினேன்.

எழுதிவிட்டேன். இனி முழுக்க எழுதுகிறேன்.

மலைப் பெண்களுக்கெல்லாம் உங்கள் லொறியின் இடது பக்கக் கண்ணாடிதான் கண்ணாடி என்று உங்களுக்குத் தெரியும். காலை இருட்டில் லயத்தை விட்டு இறங்குகிறவளுக்கு முகம் பார்க்க ஏது நேரம்? மத்தியானம் மடுவத்தில் லொறி வந்து நின்றால்தான் தலையை ஒதுக்குவோம், பொட்டு வைப்போம். கண்ணாடி ஓரத்தில் ஒட்டுப்பொட்டு ஏழெட்டு எப்போதும் இருக்கும். "இது லொறியா, பொண்ணு சோடிக்கிற கடையா?" என்று திட்டிக்கொண்டே நீங்கள் சுற்றி வந்து கண்ணாடியை நேராக்கிவிட்டுத்தான் ஏறுவீர்கள். அந்தத் திட்டைக் கேட்பதற்காகவே நாங்கள் திருப்புவோம். புருஷன் திட்டுகிறதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

அன்றைக்கு மூன்று மணிக்கு யோகாவைப் பெண் பார்க்கக் கித்துல்கலப் பக்கமிருந்து வருவதாக இருந்தார்கள். பகல் கொழுந்து நிறுத்ததும் வீட்டுக்குப் போக அவள் அரைநாள் கேட்டு வைத்திருந்தாள். நெற்றியில் பொட்டில்லை, வியர்வையில் எங்கோ விழுந்துவிட்டது. வழியில் மாப்பிள்ளை வீட்டார் எதிர்ப்பட்டால் வெறும் நெற்றியோடா நிற்பது என்று அவளுக்குப் பதற்றம். நான் கண்ணாடி ஓரத்திலிருந்து ஒரு சிவப்புப் பொட்டை எடுத்தேன். உங்கள் தங்கைதான் குட்டையாயிற்றே. எட்டிப் பார்க்கிறாள், முகம் தெரியவில்லை. நான்தான் கண்ணாடியைக் கீழ்நோக்கித் திருப்பி, அவள் தாடையைப் பிடித்துப் பொட்டு வைத்தேன். "மதினி, நேரா இருக்கா?" என்று கேட்டாள். அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அவள் கொழுந்தை நிறுத்துவிட்டு, சாக்கை எடுக்க லொறிக்குப் பின்னால் இடது பக்கமாகப் போனாள். மழை இறங்கிவிட்டது. கொழுந்து நனைகிறதென்று தோட்டத்துச் சின்னத்துரை கத்தினார். நீங்கள் சுற்றி வரவில்லை, ஓடிவந்து ஏறினீர்கள். கிளீனர் வலது பக்கம் நின்று, பின்னால் வரலாமென்று லொறியின் பொடிப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினான். நீங்கள் கண்ணாடி பார்க்காமல் எடுக்கிற ஆள் இல்லை. பார்த்திருப்பீர்கள். அதில் சேறும் சக்கரமும்தான் தெரிந்திருக்கும். இறங்கித் திருப்ப மழை விடவில்லை, கிளீனர் தட்டியதை நம்பி லொறியைப் பின்னால் எடுத்தீர்கள்.

எல்லோரும் பின்பக்கம் ஓடினோம். நான் யோகாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, நீங்கள் இடது பக்கம் போய் உள்ளங்கையால் கண்ணாடியை நேராக்குவதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் இவர் எதற்கு அதைத் தொடுகிறார் என்று நினைத்தேன். பொலிஸ் வந்தபோது புரிந்தது. "கண்ணாடிய ஹரி மஹத்தயா, மம தமய் பெலுவே நெத்தே" என்று சிங்களத்தில் அழாமல் சொன்னீர்கள். கண்ணாடி சரி, நான்தான் பார்க்கவில்லை என்று. நான் உங்களுக்குப் பின்னால் ஆறடியில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

சாவு வீட்டில் சொல்ல முடியவில்லை. பிறகு சொன்னால் பொலிசுக்குப் பொய் சொன்னவர் என்று உங்களைப் பிடிப்பார்கள் என்று பயந்தேன். கேகாலைக் கோர்ட்டில் உங்கள் லைசன்ஸை ஆறு மாசத்துக்குப் பிடுங்கியபோதும் நின்று பார்த்தேன். அத்தை உங்கள் முன்னால் சோற்றுக் கோப்பையை வைக்க மறுத்த அன்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஒருநாள் சொல்லாதது மறுநாள் இன்னும் பாரமாகிவிடுகிறது மச்சான், அவ்வளவுதான். பயந்தாங்கொள்ளி என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அன்று முதல் நான் கண்ணாடி பார்த்துப் பொட்டு வைத்ததில்லை. தடவிப் பார்த்துத்தான் வைக்கிறேன். கோணலாக இருக்கிறதென்று எல்லோரும் சிரிப்பார்கள்.

நீங்கள் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து ஐந்து வருஷம் சுமந்தது என் பிழையை. அது யோகா பிழை இல்லை. அவள் அந்தக் கண்ணாடியைக் கையால்கூடத் தொடவில்லை.

14.10.2008, செவ்வாய்

கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். ஆனால் உங்களுக்கு எழுதிவிட்டு அத்தை முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேற்று மாலை தைலம் தேய்க்கும்போது, இது உங்கள் மகன் அனுப்பிய தைலம் என்று ஆரம்பித்தேன். கால் இழுபடுவதற்குள் மீதியையும் சொல்லிவிட்டேன்.

அத்தை அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய்த் தனியாக அடுப்பு மூட்டினார்கள். நேற்றிலிருந்து என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. இன்று காலை நான் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகும்போது, "அவனுக்குத் தெரியுமா?" என்றார்கள். எழுதியிருக்கிறேன் என்றேன். "இதே மாதிரி எழுதினியா, இல்ல பூசி மெழுகினியா?" என்றார்கள். இதே மாதிரிதான் என்றேன். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது.

எனக்காக ஒன்றும் கேட்கவில்லை மச்சான். மன்னிப்பு என்ற சொல்லை எழுதி எழுதி அடித்துவிட்டேன். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இரண்டு வருஷம்தான் சேர்ந்து வாழ்ந்தோம், அதையும் நானே கெடுத்துக்கொண்டேன். நீங்கள் வந்து என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். போகச் சொன்னால் அம்மா வீட்டுக்குப் போகிறேன்.

ஒன்றே ஒன்று. அந்தத் துணியை அவிழ்த்துவிடுங்கள். கமராவும் பாருங்கள், கண்ணாடியும் பாருங்கள். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் இடது பக்கக் கண்ணாடி உட்கார்ந்த இடத்திலிருந்தே உங்கள் கைக்கு எட்டும். யார் திருப்பினாலும் நேராக்கிக்கொள்ளலாம். மணலில் விளையாடுகிற அந்தப் பிள்ளைகளை ஆண்டவன் காக்கட்டும், உங்கள் கண்ணையும் காக்கட்டும். லீவு கேட்டு ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள். என்னைப் பார்க்க வேண்டாம், அத்தையைப் பார்க்க வாருங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடியைத் திருப்பியவள்,
கோகிலா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அத்தை வந்து நின்றார்கள். ஒட்டாதே, இதையும் எழுது என்றார்கள். "எம் மகனுக்கு அங்க சோறு ஒழுங்காக் கெடைக்குதான்னு கேளு." எம் மகன் என்றுதான் சொன்னார்கள், மச்சான். நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.