ஐந்தாம் எண் கயிறு

நவம்பர் 6, புதன்

மன்னித்துக்கொள் கிரெகர், மணி ஒன்றரை ஆகிவிட்டது. ஐலா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். நீ கடல்நடு எண்ணெய் மேடை வேலையிலிருந்து திரும்பியதும் படிப்பதற்கான நோட்டு இது. இன்று அவள் பல்லைப் பற்றித்தான் எழுதியிருக்க வேண்டும். கீழ்வரிசையில் முளைத்துவிட்டது. ஆனால் தபாலில் ஓர் அட்டை வந்திருக்கிறது.

தாதா ஆர்ச்சி மக்ளோன் செத்துப்போனான். அட்டையில் சவப்பெட்டியின் படம், சுற்றிலும் எட்டு எண்கள், எண்ணுக்கு ஒரு கயிறு. ஐந்துக்கு நேரே உன் பெயர். பெட்டியைக் குழியில் இறக்கும்போது அந்தக் கயிறு உன் கையில் இருக்க வேண்டும். உன் அப்பாவுக்குச் செய்யும் மரியாதையாம். அவன் செய்த குற்றத்தை ஏற்றுக்கொண்டு எட்டு வருடம் சிறையில் கிடந்தவருக்கு!

அந்தக் கயிற்றைப் பிடிப்பவன் யாருடைய ஆள் என்று கிளாஸ்கோ முழுக்கத் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால்? ஊர் பார்க்க அவமானப்படுத்தியது போல. அவர்கள் விடமாட்டார்கள்.

நவம்பர் 8

போனில் நீ சொன்னாய்: "ஒரு நிமிஷ வேலை கிர்ஸ்டி. பிடிச்சிட்டு விட்டுடறேன்." விட விடுவார்களா?

நவம்பர் 11

கறிக்கடை வரிசையில் ஆர்ச்சி புராணம்தான்.

"மீன் வறுவல் கடையில அவரச் சுட்டாங்கல்ல, அப்பவும் வரிசைய விட்டு நகரலையே! 'வினிகர் கொஞ்சம் தூக்கலாப் போடு'ன்னாராம்."

"எத்தனை குண்டு?"

"மூணு."

"அஞ்சுடி!" என்றாள் பின்னால் நின்றவள்.

போன வருடம் இதே கதையில் ஒரு குண்டுதான் இருந்தது. உன் அப்பாவைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

நவம்பர் 14

அபர்டீனில் மூடுபனி. மேடைக்கு ஹெலிகாப்டர் கிளம்பாது, நாளை அடக்கத்துக்குள் உன்னால் வரமுடியாது. சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

நீ வரமுடியாததை நேரில் சொல்வதுதான் மரியாதை என்று கல்லறைக்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

ஆர்ச்சியின் மகன் டெரன்ஸ் குழி ஓரத்தில் நின்றான். "பனிய யார் என்ன பண்ண முடியும்? ஆனா கயிறு தரையில கெடக்கக் கூடாது தங்கச்சி. நீ பிடி."

அவன் அம்மா ரீட்டா முகத்தைச் சுளித்தாள். "பொம்பள கயிறு பிடிச்சு நான் பாத்ததே இல்லடா."

"இன்னிக்குப் பாத்துக்கோம்மா."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பிடித்தேன். ஈரக் கயிறு நழுவி உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது.

நவம்பர் 16

டெரன்ஸ் வீட்டுக்கே வந்துவிட்டான். ஐலாவுக்கு ஒரு முயல் பொம்மை.

"பிரசவ லீவு முடிஞ்சு திங்கக்கிழமை வேலைக்குப் போறியாமே? நகராட்சியில வீடு ஒதுக்குற பிரிவுதானே? சின்ன உதவி. ஒரு பொண்ணோட புது விலாசம் வேணும்."

பெயரைச் சொன்னான். அவன் தம்பிக்கு எதிராகச் சாட்சி சொன்னவள்.

"நான் எப்படி..."

"நீ இப்போ நம்ம ஆளு."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? அந்தப் பெண்ணுக்கும் குழந்தை இருக்குமோ? யார்கிட்ட சொல்றது?

நவம்பர் 17, ஞாயிறு

காலையில் என் மேலாளர் வீட்டுக் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் பயந்தாள். பிறகு என் எதிரிலேயே போலீசிடம் போனில் பேசினாள். அந்தப் பெண்ணை இன்றே வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள்.

இதை ரயிலில் எழுதுகிறேன். ஐலா மடியில் தூங்குகிறாள். இன்வர்னஸில் உன் அக்கா ஸ்டேஷனுக்கு வருகிறாள். இரண்டு பெட்டிதான் எடுக்க முடிந்தது, உன் குளிர்கோட்டு இருக்கிறது. கிளாஸ்கோ வீட்டுக்குப் போகாதே. பனி விலகியதும் நேரே இன்வர்னஸுக்கு வா. இந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன். கிடைத்ததும் பதில் போடு, கிரெகர். சீக்கிரம்.