என் அட்டையில் உங்கள் ரத்தம்

சம்பந்தியம்மா,

நேற்று கூரியரில் அந்த ரத்தப் பரிசோதனைப் பெட்டி மறுபடியும் வந்தது. பிரித்ததும் ஸ்பிரிட் வாசனை. போன முறை உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று அனுப்பிய உங்கள் மகன், இந்த முறை ஒன்றுதான் அனுப்பியிருக்கிறார்.

அப்போது இரண்டும் தியாகதுருகத்துக்கு, என் வீட்டுக்குத்தான் வந்தன. நீங்கள் எலவனாசூர்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்தீர்கள், கூடவே ஒரு தூக்கு நிறைய பொரித்த வடகம். நாம் சாப்பிடும் கொழுப்பில் ஒமேகா ஆறு எவ்வளவு, ஒமேகா மூன்று எவ்வளவு, இரண்டும் சரியான அளவில் சேர்கிறதா என்று ரத்தம் காட்டிக்கொடுக்குமாம். விரலில் குத்தி, அட்டையில் சொட்டு வைத்து, காயவைத்து அனுப்ப வேண்டும். நான் படித்துச் சொல்லச் சொல்ல, நீங்கள் வடகத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டீர்கள்.

உங்களுக்கு ஒரே குத்தில் வந்துவிட்டது. கடலை உடைத்துக் காய்த்துப்போன என் விரல் மசியவில்லை. என் பெட்டியில் இருந்த ஊசிகளெல்லாம் வீணாகிவிட்டன.

"இன்னா சம்மந்தி, ஒரு சொட்டுக்கு இவ்ளோ கஞ்சமா? எனக்குதான் வந்துக்கினே கீதே. அட்டைய இப்பிடி தள்ளுங்க."

"அது உங்க ரத்தமாச்சே."

"பொண்ணையே குடுத்துட்டீங்க. இதுல இன்னா உங்க ரத்தம், என் ரத்தம்?"

சொன்ன கையோடு என் அட்டையையும் நிரப்பிவிட்டீர்கள்.

பரிசோதனைக் கணக்கு கைபேசிக்கு வந்தது. ஆறு ஜாஸ்தி, மூன்று ரொம்பக் கம்மி. மாப்பிள்ளை என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். "அத்தை, பாக்கெட் எண்ணெயில பொரிக்கறத கொறைங்க. மீன் எடுங்க. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கீதே, ஆச்சரியமா கீது." என் வீட்டில் வாணலி ஏறுவதே நாள் கிழமையில்தான். செய்யாத பலகாரத்துக்கெல்லாம் நான் பேச்சு வாங்கினேன். எனக்கு நிஜமாகவே எரிச்சல். உங்களிடம் சொன்னால் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "சொல்லிடாதீங்க சம்மந்தி, பசங்க கிண்டல் பண்ணுவானுங்க."

ஆனால் அதன் பிறகு உங்கள் வீட்டில் பொரிப்பது நின்றது. "என்னால உங்களுக்குப் பேச்சு" என்று மத்தி வாங்கி, சுத்தம் செய்து, டப்பாவில் எனக்கும் கொண்டுவந்தீர்கள். மத்தியின் கவிச்சி எனக்கு ஆகாது. இருந்தும் சாப்பிட்டேன், நீங்கள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால்.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சலில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார்.

நேற்று சாயங்காலம் மாப்பிள்ளை பேசினார். "அம்மாவதான் சரியா பாத்துக்க முடியல அத்தை. உங்களையாச்சும் பாத்துக்கறேன். போனவாட்டிக்கு இப்ப எவ்ளோ மாறிக்கீதுன்னு பாக்கலாம்."

எதோடு எதை ஒப்பிடுவார்? சொல்லாவிட்டால் கணக்கே தப்பு. சொன்னாலோ, இல்லாத தாயைப் பற்றி மகனிடம் கோள் சொன்னதாக ஆகும். அவர் மனம் நோகுமோ என்று பயமாகவே இருந்தது. இருந்தாலும் ஊசி வீணானதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

மாப்பிள்ளை திருப்பிக் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப எங்கம்மா கணக்கு ரெண்டு கீதா அத்தை?"

"ஆமாங்க மாப்ளே. ரெண்டு கீது."

"உங்க பேர்ல கீறத அழிச்சிடாதீங்க."

இன்று காலை வெந்நீரில் கையை வைத்திருந்து குத்திப் பார்த்தேன், வந்துவிட்டது. என் கணக்கு இனிமேல்தான் வரும். என் பெயர் போட்ட பழைய கணக்கைக் கைபேசியில் அப்படியே வைத்திருக்கிறேன். அதில் இருப்பது நீங்கள் என்று இப்போது உங்கள் மகனுக்கும் தெரியும், சம்பந்தி.