மெழுகு தேய்த்த துணியில் காணவில்லை அறிவிப்பு

அனுப்புநர்:
வா. இருதயம்மாள், வயது 47,
மே/பா. ஜாபர் பைண்டிங் கடை,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.

பெறுநர்:
மேற்பார்வை அலுவலர்,
படகுத்துறை அலுவலகம்,
ராயபுரம், சென்னை.

பொருள்: என் கணவரைக் காணவில்லை என்ற அறிவிப்பை லேமினேஷன் இல்லாமல், துணியில் ஒட்டி மெழுகு தேய்த்து மாட்ட அனுமதி கேட்பது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் வால்டர் விசைப்படகில் வேலை செய்தவர். 2000 அக்டோபர் 9 அன்று, மருந்து வாங்கி வருவதாகச் சொல்லி ஆந்திராவில் கிருஷ்ணப்பட்டினத்தில் இறங்கினார். படகுக்குத் திரும்பவில்லை. போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தேடுவதற்கு நான் ஒருத்திதான்.

2. அந்தப் பக்கம் போய்வரும் படகுக்காரர்கள் நின்று பார்ப்பது தங்கள் அலுவலகப் பலகையைத்தான். லேமினேஷன் செய்த அறிவிப்பைத்தான் அதில் மாட்டலாம் என்பது விதி. அதன்படி ஐந்து முறை மாட்டினேன். ஓரம் பிரிந்து உப்புக்காற்றின் ஈரம் உள்ளே போகிறது. வெளியே வர வழியில்லை. நான்கு மாதத்தில் படம் வெளுத்துவிடுகிறது. பிய்ந்தால் காற்றோடு கடலுக்குப் போகிறது.

3. கடந்த பிப்ரவரியில் தங்கப்பாண்டி என்ற படகுக்காரர் கடை வாசலில் நின்று, "யக்கா, மாமா வலைல மாட்டிகினு கீறாரு, ஓடியா" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் செருப்புப் போடாமல் ஓடினேன். வலையில் இருந்தது என் பழைய அறிவிப்பு. பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. முகம் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. தங்கப்பாண்டி மீது எனக்குப் புகார் இல்லை.

4. நான் பதினாறு ஆண்டுகளாகப் பைண்டிங் வேலை செய்கிறேன். 2001இல், எழுத்து மட்டும் அச்சிட்ட தாள் ஒன்றைக் காடாத் துணியில் மைதாப் பசையால் ஒட்டி, காய்ந்தபின் தேன்மெழுகை உருக்கித் தேய்த்து, வீட்டு வெளிச்சுவரில் மாட்டினேன். இரண்டு மழைக்காலம் தாங்கியது. இன்றும் படிக்க முடிகிறது. கிழிந்தால் ஒட்டுப்போடலாம். கடலில் விழுந்தாலும் மக்கிவிடும்.

5. இந்த முறையில் செய்த அறிவிப்பை ஏப்ரல் 28 அன்று பலகையில் மாட்டினேன். மறுநாள் தங்கள் ஊழியர் கழற்றிவிட்டார். கேட்டதற்கு, "துணியெல்லாம் இங்க ஆவாதும்மா. பளபளன்னு இருக்கணும், அதான் ரூல்ஸு" என்றார்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மே 30 அன்று படகுகள் கிளம்புகின்றன. அதற்குள் அந்த அறிவிப்பை மீண்டும் மாட்ட உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிலைக் கடை முகவரிக்கு அனுப்பவும். பகலில் என் வீட்டில் கதவைத் திறக்க ஆள் இல்லை.

அனுமதி இல்லையென்றால், கழற்றியதைத் தயவுசெய்து திருப்பித் தரவும். அதில் ஒட்டியிருப்பது அவர் படத்தின் கடைசிப் பிரதி. ஸ்டுடியோவில் நெகடிவ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் முகம் தெரியும் படம் வேறு என்னிடம் இல்லை.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வா. இருதயம்மாள்

இடம்: சென்னை
நாள்: 12.05.2003