உங்க பேருக்குக் கீழே அடுத்தவர் ரத்தம்

ஏனுங்க,

நம்ம பேத்தி கவிதா இப்ப ஆபீசுல ஒரு குழுவுக்கே தலைவி. அவ தம்பி காங்கேயத்துல எண்ணெய் மில் நடத்துறான். சின்னவன் மக பன்னெண்டாவதுல பள்ளிக்கூடத்துக்கே முதலா வந்துட்டா. இதையெல்லாம் உங்களுக்கு எழுதலாம்னு காகிதம் தேடி பீரோவைத் திறந்தேன். சேலைக்கடியில நான் ஒளிச்சு வெச்ச ஆஸ்பத்திரிச் சீட்டு கையில தட்டுப்பட்டது. எழுத்து பாதி வெளுத்துப்போச்சு. ஆனாலும் அதைப் புடிச்சுக்கிட்டே கட்டில்ல உக்காந்துட்டேன்.

தொண்ணூறுகளோட கடைசி வருசம். கிணத்துக்கடவுகிட்ட மொபட்டுல இருந்து உழுந்து, தொடையெலும்பு முறிஞ்சு, கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில கெடந்தீங்க. அங்க நோயாளி விவரம் காட்டற கம்ப்யூட்டர் பக்கத்தை ஜாவாங்கற கம்ப்யூட்டர் மொழியில எழுதினவ நம்ம கவிதா. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகல. அந்த வலியிலயும் நீங்க பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட, "அந்த டப்பாவுல தெரியறது எம் பேத்தி பண்ணுனதுங்க" ன்னு பெருமையடிச்சீங்க. அவர், "எங்கூட்டுப் பேத்திக்கு சடை பின்னவே ரெண்டு ஆள் வேணுமுங்க" ன்னார்.

ஆபரேசனுக்கு ரத்தம் வேணும்னு நர்சம்மா அந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து சீட்டு ஒண்ணு அடிச்சுக் குடுத்தாங்க. மேலே உங்க பேர். கீழே ரத்த வகை, கூரை மாதிரி கூம்பின எழுத்து. பெரியவனுக்கு நீங்க ரத்தம் குடுத்தப்பக் கெடச்ச அட்டையில ரெண்டு தொப்பை வெச்ச எழுத்தில்ல இருந்தது? அஞ்சாவதோட நின்னவளுக்கு என்ன தெரியும்னு ஒரு மனசு. பேசாம இருந்தா உசுரு போயிருமேன்னு ஒரு மனசு. சீட்டை நர்சம்மாகிட்டயே திருப்பி நீட்டினேன்.

"இது எங்கூட்டுக்காரரோடது இல்லீங்க."

"பேர் சரியாத்தானே இருக்கு?"

"பேர் சரிதானுங்க. ரத்தம் வேறீங்க."

"யாரு பேருன்னு வாயைத் திறந்து சொல்லுங்கம்மா. எங்கிட்ட ரெண்டு சீட்டு இருக்குது."

நாப்பத்தெட்டு வருசமா சொல்லாத பேரை அத்தனை பேர் முன்னால சொல்லிப்போட்டேன். "அட, சொல்ல வருதே" ன்னு நீங்க சிரிச்சீங்க.

மறுபடி சோதிச்சாங்க. உங்களுது ரெண்டு தொப்பை எழுத்துதான். சீட்டுல வந்தது பக்கத்துக் கட்டில்காரரோடது. ஏத்தறதுக்கு முன்னால எப்படியும் இன்னொருக்கா ஒத்துப்பார்ப்போம்னு டாக்டர் சொன்னார். அப்பவும் என் பயம் அடங்கல.

கவிதா ஓடி வந்து, மாடிப்படியில என்னை உக்கார வெச்சு அழுதா. "பக்கத்துக்குள்ள நான் எழுதின ஜாவா வரியே அப்பாரு பேரை நேரா அச்சடிக்குது அப்பத்தா. ரத்தத்தைக் காட்டறது டேக்குங்கற தனிக் குறி. என் வரியில விவரத்தைப் புடிச்சு வெக்கற மாறிங்கற பெட்டி அந்த டேக்குக்குத் தெரியாது. ரெண்டுக்கும் பொதுவா ஒரு இடத்துல வெச்சாத்தான் எடுக்கும். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் பொதுவா வெக்கோணும். நான் ஆஸ்பத்திரி முழுசுக்கும் பொதுவான இடத்துல வெச்சுப்போட்டேன். ஒரே நேரத்துல ரெண்டு பேர் ரெண்டு கம்ப்யூட்டர்ல பார்த்தா, ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பேருக்குக் கீழ வந்துருது."

அன்னைக்கே திருத்தினா. ஆபீசுலயும் ஆஸ்பத்திரியிலயும் தன் தப்புன்னு அவளே போய்ச் சொன்னா. "அப்பாருகிட்ட மட்டும் சொல்லிராத அப்பத்தா" ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டா.

நானும் அது அவ தப்புன்னு உங்ககிட்டச் சொல்லல. அதுக்கப்புறம் நீங்க கண்ணை மூடற வரைக்கும் எட்டு வருசம் ஊடு வந்தவங்ககிட்டயெல்லாம் அந்தப் பக்கத்தைப் பத்திப் பெருமை பேசினீங்க. ஒவ்வொருக்காவும் எங்க தெரிஞ்சுருமோன்னு எந்திரிச்சு உள்ளே போயிருவேன்.

இப்பவும் மருந்துச் சீட்டு வந்தா பேரைப் பார்த்து மனசு ஆறறதில்ல. கீழே என்ன எழுதியிருக்குன்னு ரெண்டு பேரைப் படிக்கச் சொல்றேன். கவிதா தன்கிட்ட வேலைக்குச் சேரற பிள்ளைகளுக்கெல்லாம் முதல் நாளே இந்தத் தப்பைத்தான் சொல்லுவாளாம். ஊருக்கே சொன்னவ, உங்ககிட்ட மட்டும் சொல்ல முடியாம நின்னா. இன்னைக்கு நான் சொல்லிப்போட்டேன். கோபம்னா எம்மேல காட்டுங்க. அந்தப் புள்ளைய ஒண்ணும் நெனைக்காதீங்க.